சொடுக்கிய இணைப்பு யார் கைக்குப் போகிறது?

கணினித் திரையில் நீல நிறத்தில் அடிக்கோடிட்டுக் கிடக்கும் ஓர் இணைப்பைச் சொடுக்குகிறோம். ஏதோ ஒரு சாளரம் திறக்கிறது. அதைத் திறந்தவர் யார் என்று கேட்டால், "நான்தான்" என்று தயங்காமல் சொல்வோம். பத்திரிகை அலுவலகத்தில் என்னோடு பணியாற்றிய பலரிடம் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் நாம் செய்வது சொடுக்குவது மட்டுமே. எந்த மென்பொருளைக் கொண்டு அந்த இணைப்பைத் திறப்பது என்ற முடிவு, நாம் பார்க்காத ஒரு பதிவேட்டில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் நாமாகவும் இருக்கலாம், கணினியை விற்றவராகவும் இருக்கலாம், போன வாரம் நாம் நிறுவிய பாட்டுக் கேட்கும் மென்பொருளாகவும் இருக்கலாம்.

இது கணினிக்காரர்களின் சமாச்சாரம் என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். டிக்கோயாவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தபால் சமாச்சாரமாகவே படுகிறது. மலையகத் தோட்டங்களுக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். லயத்தில் குடியிருப்பவர்களுக்குத் தனி முகவரி கிடையாது. பெயர், டிவிசன், தோட்டத்தின் பெயர், டிக்கோயா. உறையின் மேல் இவ்வளவுதான். அரசாங்கத்துத் தபால்காரர் லயத்து வாசலுக்கு வரமாட்டார். தோட்டத்துத் தப்பால்காரர் தபாலகத்துக்கு நடந்து போய், மொத்தக் கடிதங்களையும் பையில் வாங்கிவந்து தோட்ட ஆபீஸில் ஒப்படைப்பார். துரைக்கு வந்தவை துரையின் மேசைக்குப் போகும். தொழிலாளர்களுக்கு வந்தவற்றைக் கிளாக்கர் பிரித்து வைப்பார். அவை கங்காணியின் கையிலோ, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டோ உரியவரைச் சேரும். சேராமலும் போகும். ஒரே டிவிசனில் நான்கு ராமாயிகள் இருந்தால், நான்காவது ராமாயியின் கடிதத்தை முதலாவது ராமாயியின் மகன் படித்துக்கொண்டிருப்பான். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்த மறுவாரம் கைக்கு வந்த கதை இல்லாத லயம் எங்கள் பக்கத்தில் அபூர்வம். இந்த நிலை பல தோட்டங்களில் இன்றும் முழுமையாக மாறிவிடவில்லை.

உறையின் மேல் முகவரி எழுதியவர் ஒருவர். உறை எந்தக் கைக்குப் போகும் என்று தீர்மானித்தவர் வேறொருவர். இணைப்பின் கதையும் இதுவே.

இணைப்பு என்பது ஒரு முகவரி. அதில் முதலில் வரும் முக்காற்புள்ளிக்கு முன்னால் ஒரு சிறு சொல் இருக்கும். இணையப் பக்கமானால் எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ். மின்னஞ்சல் முகவரியானால் மெயில்டூ. தொலைபேசி இலக்கமானால் டெல். முகவரிகளை இப்படித்தான் எழுத வேண்டும் என்ற விதி 1994 டிசம்பரில் வகுக்கப்பட்டது. உலாவிக்குள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டே அதிலுள்ள இன்னோர் இணையப் பக்கத்தின் இணைப்பைச் சொடுக்கினால் சிக்கலில்லை. அதே உலாவி அதைத் திறந்துவிடும். மின்னஞ்சல் மென்பொருளிலோ, வேர்ட் ஆவணத்திலோ, அரட்டைப் பெட்டியிலோ கிடக்கும் இணைப்பைச் சொடுக்கும்போதுதான் தப்பால்காரர் வருகிறார். அந்த மென்பொருளுக்கு இணையப் பக்கத்தைத் திறக்கத் தெரியாது. அது முழு முகவரியையும் இயங்குதளத்திடம் நீட்டி, "உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். இயங்குதளம் முக்காற்புள்ளிக்கு முன்னாலுள்ள சொல்லை மட்டும் பார்க்கும். அந்தச் சொல்லுக்கு நேரே எந்த மென்பொருளின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று பதிவேட்டைப் புரட்டும். அந்த மென்பொருளை எழுப்பி, முகவரியைக் கையில் கொடுத்துவிடும்.

விண்டோஸில் அந்தப் பதிவேட்டுக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். சாதாரணமானவர்கள் அதற்குள் நுழைந்து பார்ப்பதில்லை. பார்த்தால் தலை சுற்றும். எச்டிடிபி என்ற பெயருக்குக் கீழே ஒரு கட்டளை வரி இருக்கும். உலாவி வன்தட்டில் எங்கே குடியிருக்கிறது என்ற விலாசமும், அதன் வால்பகுதியில் ஒரு விழுக்காட்டுக் குறியும் ஒன்று என்ற எண்ணும் இருக்கும். நாம் சொடுக்கிய முகவரி அந்த விழுக்காட்டுக் குறியின் இடத்தில் வந்து உட்காரும். லினக்ஸ்காரர்கள் இதையே சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் வைத்திருக்கிறார்கள். பயனரின் சொந்தக் கோப்பை முதலில் பார்ப்பது, அதில் இல்லையென்றால் கணினியின் பொதுக் கோப்பைப் பார்ப்பது என்பது அங்குள்ள ஒழுங்கு. அதைத் திறந்து படிக்கவும் முடியும், கையால் திருத்தவும் முடியும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஆபீஸ் பதிவேட்டை வாசலில் தொங்கவிட்டிருப்பது போல.

விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரையான காலத்தில் இந்தப் பதிவேட்டுக்குப் பூட்டு இருந்ததாகச் சொல்ல முடியாது. நிறுவப்படும் எந்த மென்பொருளும் உள்ளே புகுந்து, முன்னவரின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்ளும். கடைசியாக வந்தவனே கங்காணி. காலையில் ஒரு உலாவியில் திறந்த இணைப்பு மாலையில் வேறொன்றில் திறக்கும். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

மற்ற மொழிக்காரர்களுக்கு இது ஓர் எரிச்சல், அவ்வளவுதான். தமிழ் வாசகர்களுக்கு வாசிப்பதா இல்லையா என்பதையே ஒரு காலத்தில் இது தீர்மானித்தது. 1990களின் இறுதியில் தமிழ் நாளேடுகள் இணையத்துக்கு வந்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவில் வந்தது. இலங்கையின் அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் பாமினிதான் ராஜா. பாமினியில் கணினியைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. 'அம்மா' என்று நாம் தட்டினால் கணினி சேமித்துவைப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, பிறகு எச். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் அது அரைப்புள்ளிகள் தெறித்துக் கிடக்கும் ஆங்கிலக் குப்பை.

வாசகர்கள் எழுத்துருவை இறக்கி நிறுவச் சிரமப்படுகிறார்கள் என்று, பக்கத்தோடு எழுத்துருவும் கூடவே வந்து சேரும் உத்தி ஒன்றைப் பல தமிழ்த் தளங்கள் கையாண்டன. அந்த உத்தி இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு விதம், நெட்ஸ்கேப்புக்கு வேறு விதம். நெட்ஸ்கேப் தளர்ந்த பிறகு எக்ஸ்புளோரர் விதம் மட்டுமே எஞ்சியது. 2004 நவம்பரில் ஃபயர்பொக்ஸ் வந்தது. நல்ல உலாவி, ஆனால் இந்த இரண்டு உத்திகளில் ஒன்றும் அதற்குத் தெரியாது. டொரன்டோவில் குடியேறிய என் பழைய நண்பர் ஒருவர் அந்நாட்களில் தொலைபேசியில் அழைத்து, "உங்கட பேப்பர் இப்ப என்னை இங்கிலீசில ஏசுது" என்றார். விசாரித்தால், அவருடைய மகன் வீட்டுக் கணினியில் ஃபயர்பொக்ஸை நிறுவி, அது கேட்ட கேள்விக்கு "ஆம்" என்று பதிலளித்திருக்கிறான். அன்றிலிருந்து மின்னஞ்சலில் வரும் இணைப்புகளெல்லாம் அங்கே போய்த் திறந்தன. இணைப்பு பழையதுதான், செய்தியும் கெட்டுப்போகவில்லை. பதிவேட்டில் ஒரு வரி மாறியதால், எழுபது வயது மனிதர் ஒருவர் ஊர்ச் செய்தி படிக்க முடியாமல் போனார். முகவரியை நகலெடுத்து எக்ஸ்புளோரரில் ஒட்டினால் தமிழ் திரும்பி வந்துவிடும். அதைத் தொலைபேசியில் சொல்லி விளங்கவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

பாமினியை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்த பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் அந்தக் காலத்தில் செய்த தொண்டு பெரிது. குப்பையை அள்ளிப் பெட்டிக்குள் கொட்டினால் தமிழாக வெளியே வரும். ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தது. ஆனால் விண்டோஸ் 98இல் அதைக் காட்டும் வசதி கூடவே வரவில்லை. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. எக்ஸ்பியிலும் ஒரு கட்டத்தில் 'சரி' போட்டு, நிறுவல் தட்டைச் செருகிய பிறகுதான் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகக் கோத்துக்கொண்டன. நாளேடுகள் ஒருங்குறிக்கு மாறிய பின்னர்தான், எந்த உலாவி திறக்கிறது என்பது தமிழ் வாசகனுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வியாக இல்லாமல் போயிற்று.

எச்டிடிபி வரியின் கதை அப்படி. மெயில்டூ வரியின் கதை எங்கள் குடும்பத்துக்குள்ளேயே நடந்தது.

2006ஆம் ஆண்டு. என் தங்கையின் மகள் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் இணையம் ஏது? ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய், ஒரு கொமியூனிகேஷன் கடையில் மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். கொழும்பு நிறுவனம் ஒன்றின் அறிவித்தலில், விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்புமாறு நீல நிறத்தில் முகவரி கொடுத்திருந்தார்கள். அதைச் சொடுக்கினாள். அழகாக ஒரு கடிதச் சாளரம் திறந்தது. 'பெறுநர்' இடத்தில் நிறுவனத்தின் முகவரி தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. கடிதம் எழுதி, விண்ணப்பத்தை இணைத்து அனுப்பினாள். போய்விட்டது.

திறந்தது அவளுடைய யாஹூ அஞ்சல் அல்ல, அவுட்லுக் எக்ஸ்பிரஸ். மெயில்டூ என்ற சொல்லுக்கு நேரே அந்தக் கணினியில் எழுதப்பட்டிருந்த பெயர் அதுதான். கடைக்காரர் எப்போதோ தம் சொந்த மின்னஞ்சல் கணக்கை அதில் போட்டுவைத்திருந்தார். ஆகவே விண்ணப்பம் கடைக்காரரின் முகவரியிலிருந்து போயிருக்கிறது. விண்ணப்பத்தின் உள்ளே இவளுடைய சரியான முகவரி இருந்தது. ஆனால் கொழும்பிலிருந்த அலுவலர், நம்மில் எவரும் செய்வதைப் போல, 'பதில்' என்ற பொத்தானை அழுத்தினார். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு கடையின் அஞ்சற்பெட்டிக்கு வந்து, விளம்பரக் குப்பைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. அவள் வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், தன்னுடைய வெற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். கடைக்காரர் தற்செயலாகக் கண்டு சொன்னபோது தேர்வு முடிந்து ஒன்பது நாட்கள்.

"நான் என்ன தப்பு பண்ணினேன் மாமா?" என்று கேட்டாள். ஒரு தப்பும் இல்லை. நீல எழுத்தைச் சொடுக்கச் சொன்னார்கள், சொடுக்கினாள். நான் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரரும் நல்ல மனிதர். "அது தானா ஓப்பன் ஆகுறதுங்க ஐயா, நான் ஒண்ணும் செய்யலீங்க" என்றார். அதுவும் உண்மை. நிறுவனத்து அலுவலரும் முறைப்படியே பதில் போட்டிருக்கிறார். மூவரிலும் பிழையில்லை, பெண்ணுக்கு வேலையும் இல்லை. என் தகப்பனார் காலத்துத் தோட்ட ஆபீஸில் யாரைப் பிடித்து ஏசுவது என்றாவது தெரியும். அடுத்த ஆண்டு அவளுக்கு வேறோர் இடத்தில் வேலை கிடைத்தது என்பது வேறு விஷயம்.

கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு வரிக்காக உலகின் பெரிய நிறுவனங்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்கின்றன என்று சொன்னால் அவள் அன்று நம்பியிருக்க மாட்டாள். 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசொப்ட் மீது தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று: பயனர் வேறோர் உலாவியைத் தம் விருப்ப உலாவியாக வைத்திருந்தாலும், விண்டோஸ் 98 சில இடங்களில் அதை மதியாமல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரையே திறக்கிறது. நீதிபதி ஜாக்சன் நிறுவனத்தை இரண்டாகப் பிளக்க 2000 ஜூனில் உத்தரவிட்டார். 2001 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. ஆனாலும் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதிசெய்தது. சுவையான செய்தி என்னவென்றால், பயனரின் விருப்பத்தை மீறித் திறந்த அந்தக் குற்றச்சாட்டில் மைக்ரோசொப்ட் தப்பித்துக்கொண்டது. உதவிப் பக்கங்கள் போன்றவற்றுக்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது என்று நிறுவனம் சொன்னது. வாதிகள் அதை மறுத்துரைக்கவில்லை. நீதிமன்றச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மறுக்காமல் விடப்படும் ஒரு சிறு வாதம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் வாழும்.

ஐரோப்பாவில் கதை வேறு விதம். ஒபெரா நிறுவனத்தின் முறைப்பாட்டையடுத்து, 2010 மார்ச் முதல் ஐரோப்பிய விண்டோஸ் பயனர்களுக்குப் பன்னிரண்டு உலாவிகள் கொண்ட தெரிவுத் திரையைக் காட்ட மைக்ரோசொப்ட் ஒப்புக்கொண்டது. பிறகு 2011 மே முதல் 2012 ஜூலை வரை அந்தத் திரை பலருக்குக் காட்டப்படாமலே போயிற்று. தொழில்நுட்பத் தவறு என்றார்கள். ஐரோப்பிய ஆணையம் 2013 மார்ச்சில் விதித்த அபராதம் 561 மில்லியன் யூரோ.

பதிவேட்டுக்குப் பூட்டு வந்தது 2012இல், விண்டோஸ் 8 உடன். பயனர் தம் கையால் தெரிவு செய்யும்போது, அவருடைய அடையாளம், தெரிவு செய்த நேரம் முதலியவற்றைக் கலந்து ஒரு முத்திரையை விண்டோஸ் அந்த வரிக்குப் பக்கத்தில் குத்திவைக்கும். வேறு மென்பொருள் திருட்டுத்தனமாகப் பெயரை மாற்றினால் முத்திரை பொருந்தாது. நல்ல ஏற்பாடுதான், திருட்டு மென்பொருள்கள் அடங்கின. ஆனால் சாவி பூட்டுக்காரரிடமே இருந்தது. 2015இல் விண்டோஸ் 10க்கு மாறியவர்களின் விருப்ப உலாவிகள் மாற்றப்படுவதாக மொஸில்லாவின் தலைவர் கிறிஸ் பேர்ட், சத்ய நாதெல்லாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, ஓர் உலாவியை முழுமையாக அமர்த்த ஒவ்வொரு கோப்பு வகைக்கும் இணைப்பு வகைக்கும் தனித்தனியாகச் சொடுக்க வேண்டியிருந்தது. முணுமுணுப்புப் பெருகிய பின்னர் 2022இல் ஒரே பொத்தான் வந்தது.

இவற்றைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. விண்டோஸின் தேடற்பெட்டியில் வரும் இணைப்புகளுக்கு எச்டிடிபிஎஸ் என்ற முன்னொட்டுக்கு முன்னால், மைக்ரோசொப்ட்-எட்ஜ் என்று தங்கள் சொந்த முன்னொட்டு ஒன்றை வைத்தார்கள். இயங்குதளம் முக்காற்புள்ளிக்கு முன்னாலுள்ள சொல்லை மட்டுமே பார்க்கும் என்று சொன்னேன் அல்லவா? இங்கே அது பார்ப்பது வேறு சொல். நாம் எச்டிடிபிஎஸ் வரியில் யாருடைய பெயரை எழுதிவைத்திருந்தாலும் அந்த வரி புரட்டப்படுவதே இல்லை. உறையின் மேல் 'துரை பார்வைக்கு' என்று எழுதிவிட்டால் கிளாக்கர் எப்படி அதை லயத்துக்கு அனுப்புவார்? இந்த முன்னொட்டைக் கழற்றிவிட்டு இணைப்பை உரிய உலாவிக்கு அனுப்பும் எட்ஜ்டிஃப்ளெக்டர் என்ற சிறு மென்பொருளை ஒருவர் எழுதினார். 2021இன் இறுதியில் விண்டோஸ் அந்த வழியையும் அடைத்துவிட்டது.

ஒரு வரிக்கு இவ்வளவு ஆசையா என்று வியப்பவர்கள் ஓர் எண்ணைப் பாருங்கள். உலாவிகளிலும் கைபேசிகளிலும் தன் தேடற்பொறியே முதலில் வரவேண்டும் என்பதற்காக, 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்தது 26.3 பில்லியன் டொலர். அமெரிக்க வழக்கு விசாரணையில் 2023இல் வெளிவந்த கணக்கு இது. முதலில் எழுதப்பட்ட பெயரை மக்கள் மாற்றுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைச் சட்டம் 2024 மார்ச்சில் முழுமையாகக் கட்டுப்படுத்தத் தொடங்கிய பின்னர், ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக் கணினிகளில் விண்டோஸ் பயனரின் தெரிவை மதித்து நடக்க முன்வந்தது. அங்கே எட்ஜை நீக்கிவிடவும் முடியும். மற்ற நாடுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. கணினி எந்த நாட்டில் இருக்கிறது என்பதை, முதன்முதலில் அதை அமைக்கும்போது நாம் தெரிவு செய்யும் நாட்டின் பெயரைக் கொண்டே விண்டோஸ் முடிவு செய்கிறது. எங்கள் உறவினர்கள் உலகெங்கும் சிதறிக் கிடப்பதால் இதை வீட்டுக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். ஒஸ்லோவில் இருப்பவருக்கும் பாரிஸில் இருப்பவருக்கும் உரிமை உண்டு. சூரிச்சில் இருப்பவருக்கு இல்லை. லண்டன்காரருக்கு இல்லை, டொரன்டோ நண்பருக்கும் இல்லை. டிக்கோயாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் கைக்கெட்டும் வரி எச்டிடிபிஎஸ் வரி அல்ல, மெயில்டூ வரி. பலரும் உலாவியை மாற்றுகிறார்கள், இதைத் தொடுவதில்லை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அதற்குள் ஆப்ஸ், அதற்குள் டீஃபால்ட் ஆப்ஸ் என்று போனால், பக்கத்தின் அடியில் இணைப்பு வகைகளைக் கொண்டு தெரிவு செய்யும் இடம் இருக்கும். அங்கே மெயில்டூ என்று தேடுங்கள். ஜிமெயிலை உலாவிக்குள் பயன்படுத்துபவராக இருந்தால், முதலில் இங்கே உலாவியின் பெயரைப் போட வேண்டும். பிறகு உலாவியின் அமைப்புகளுக்குள் போய், மின்னஞ்சல் இணைப்புகளை ஜிமெயில் திறக்கட்டும் என்று இரண்டாவது முறை சொல்ல வேண்டும். இரண்டு பதிவேடு, இரண்டு கிளாக்கர். செய்து முடித்ததும் ஏதாவதொரு மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கி, திறக்கும் சாளரத்தில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அண்ணன் தம்பி, பிள்ளைகள் என்று பலர் புழங்கும் கணினியானால் இரண்டு முறை பாருங்கள்.